எழுபது நிமிடம்

அப்பா இறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது மூன்றாவது டிஸ்க்கும் பாழானது. சைக்கல் அதை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுதப்பட்ட பகுதி உள்ளேயிருந்து ஒரு வளையமாகக் கருத்து வந்து பாதி வழியில் நின்றிருந்தது. அதற்கு வெளியே ஊதா நிறம் பளபளத்தது. மற்ற இரண்டும் இப்படித்தான் நின்றிருந்தன, ஆனால் வேறு வேறு இடங்களில்.

ஒரே இடத்தில் நின்றிருந்தால் வீடியோவில் கோளாறு என்று சொல்லலாம். வேறு வேறு இடம் என்றால் கோளாறு வெளியில் எங்கோ இருக்கிறது.

ஜன்னலுக்கு அப்பால், முற்றத்துப் பனியின் மேல், அப்பாவுக்காகக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் அவர் கிடந்தார். நரீன் ஊரின் ஜனவரிக் குளிரில் உடல் கெடாமலிருக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை. துக்கத்துக்கு வருகிற ஆண்கள் வாசற்கதவிலிருந்தே குரல் எடுத்து அழுதுகொண்டு வந்தார்கள். கூடாரத்தின் முன்னால் கம்பை ஊன்றிக் குனிந்து நின்று, பதிலுக்குத் தானும் அழவேண்டியவன் மூத்த மகன். அந்த இடத்தில் பெரியப்பா மகன் தாலாய் நின்றான். பழக்கமில்லாததால் கம்பை வலது கைக்கும் இடது கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான்.

"இங்க என்னடி பண்ற?"

தமிரா அத்தை கதவில் நின்றாள். கை முழுக்க மாவு.

"கூடாரத்துல உக்காந்து அழ வேண்டிய பொண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒப்பாரி வெக்கிறியா? வந்தவங்க எல்லாம் ஜுமாஷோட பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? அவளுக்கு வேலை இருக்குன்னா?"

"அண்ணனுக்கு டிஸ்க் போடறேன், அத்தை. தாலாய் இன்னிக்கே அண்ணன்கிட்ட கிளம்பறான்ல."

அத்தையின் குரல் இறங்கியது. "ஆயிடுச்சா?"

"மூணு போச்சு."

"பஜார்ல வாங்கினதா? அவன் சரக்கு அப்படித்தான். அவன்கிட்ட வாங்கின சுவர்க்கடிகாரம் வாங்கின அன்னிக்கு மட்டும்தான் ஓடிச்சு. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சரியான நேரம் காட்டுது, அதுக்கே உங்க மாமா பெருமைப்பட்டுக்கறாரு." மாவுக் கையால் சைக்கலின் தலைத்துணியைச் சரிசெய்யப் பார்த்து, வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். "சீக்கிரம் முடி. பகல் ரெண்டு மணிக்கு கரண்ட் போயிடும்."

அந்தக் குளிர்காலத்தில் தினமும் அப்படித்தான்.

குபாத் அண்ணன் நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலையில் இருந்தான். அவனுடைய பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, முதலாளி ஊரில் இல்லை. பெரியவர்கள் நேற்று மாலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி வைத்திருக்கக் கூடாது, நாளை மதியம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லவேண்டியதை எல்லாம் ஆறு வருடத்துக்கு முன்பே சொல்லி முடித்திருந்தார்கள். தோலோன் கணவாயில் கார் உருண்டபோது ஓட்டியவன் குபாத். பக்கத்தில் இருந்தவன் தம்பி எமில். எமிலைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா குபாத்தின் பெயரைச் சொன்னதில்லை. அவனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமென்றால் 'அவன்' என்பார்.

சாகிறவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'உன்மேல எனக்கு மனக்குறை இல்ல' என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சைக்கலுக்குச் சொன்னார். அம்மாவுக்கும் சொன்னார். அந்தச் சொல் கிடைக்காத பிள்ளை எங்கே போனாலும் அந்தக் குறையோடுதான் போகும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்பா அவளைக் கூப்பிட்டார். "உன் ஸ்டூடியோ கேமராவக் கொண்டு வா. என் முகத்துக்கு நேரா வெச்சுட்டு வெளிய போ. கதவச் சாத்திக்கோ." அவள் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கடைக் கம்ப்யூட்டரையும் கேமராவையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். முக்காலியை ஊன்றிக் கேமராவை வைத்தாள். அவர் வெள்ளைக் கம்பளித் தொப்பியை நேராக்கிக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில்கூட அதைக் கழற்ற மாட்டேன் என்று சண்டை போட்டவர். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். எழுபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்.

"இத அவன்கிட்ட சேத்துடு. நான் போனதுக்கப்புறம். என்னால ஆனது இதுதான்."

அவனுக்கென்று சொன்னதை அவள் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அன்று மாலையே குபாத்துக்குப் போன் செய்து, எழுபது நிமிடம் என்பதை மட்டும் சொன்னாள். அவன், "எழுபது நிமிஷமா? பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் சேத்தாக்கூட அவ்வளவு நேரம் என்கிட்ட பேசினதில்லயே அந்த மனுஷன்!" என்று சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்தது. இன்று காலையும் கூப்பிட்டிருந்தான். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிளேயர் வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

வீடியோ ஐந்து ஜி.பி.க்கு மேல் இருந்தது. ஒரு டிஸ்க்கில் அடங்காது. சுருக்கலாம், ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் அதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும், கரண்ட் இருக்காது. அவளிடம் இருந்த பென் டிரைவ் இரண்டு ஜி.பி.தான். இணையத்தில் அனுப்புவதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. அதனால் தான் பார்த்து வெட்டாமல், பாகம் பாகமாக எழுதச் சொல்லி மென்பொருளுக்கே விட்டிருந்தாள். முதல் டிஸ்க் போனதும் வேகத்தைக் குறைத்தாள். இரண்டாவது போனதும் டிஸ்க்கின் கம்பெனியை மாற்றினாள். இப்போது மூன்றாவது.

நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். பல்பு சிவந்து, மறுபடி வெளுத்தது. மேஜைக்கு அடியில் ஸ்டெபிலைசர் டிக் டிக் என்றது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

இரண்டு மின் அடுப்புகளிலும் எண்ணெய்ச் சட்டிகள். மூலையில் டீத் தண்ணீருக்கான மின்சார சமோவார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தையும் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும் மாவுத் துண்டுகளைப் பொரித்து எடுத்தார்கள். இறந்தவருக்குப் போய்ச் சேருவது அந்த எண்ணெய் மணம்தான். அதனால் காலையிலிருந்து ஓயாமல் பொரித்தார்கள். கறுப்புத் துணி கட்டிய அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டில் குவிவதைப் பார்த்தபடி இருந்தாள்.

"அடுப்பு போடறப்பல்லாம் கரண்ட் இறங்குது," என்றாள் சைக்கல். "அதான் டிஸ்க் பாழாகுது. அரை மணி நேரம் நிறுத்த முடியுமா?"

"அதுக்குள்ள எண்ணெய் ஆறிடுமே!" என்றாள் ஒருத்தி.

"வெளிய நிக்கிற ஆம்பளைங்க டீ கேட்டா, இரு தம்பி, கம்ப்யூட்டர் குடிச்சு முடிக்கட்டும்னு சொல்றதா?" என்றாள் அத்தை.

அம்மா எழுந்து சமோவாரின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு அடுப்பையும் தானே அணைத்தாள். "குபாத்துக்குடி," என்றாள்.

சைக்கல் திரும்பி வந்தாள். இந்த முறை எதையும் மென்பொருளிடம் விடவில்லை. தானே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டிஸ்க்கில் போடலாம். வெட்டுகிற இடம் அப்பா பேச்சை நிறுத்தி மூச்சு விடுகிற இடமாக இருக்கவேண்டும். ஒரு சொல்லும் பாதியில் அறுபடக் கூடாது. அதற்காக நடுப்பகுதியை மட்டும் போட்டுப் பார்த்தாள்.

கொஞ்சம் பின்னால் போனாள். முன்னால் போனாள். மறுபடி பின்னால். பிறகு தொடக்கத்துக்கே போய் அங்கிருந்து ஓட விட்டாள், சத்தத்தைக் கூட்டி வைத்து.

எப்போது வந்தாளோ, அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சைக்கல் திரும்பவில்லை. ஒலியைக் காட்டும் கோடு எங்காவது எழும்புகிறதா என்று பார்த்தபடி தாவித் தாவிக் கடைசி வரை போனார்கள். திரையில் அப்பாவின் கை லென்ஸை நோக்கி நீண்டு வந்தது, கதவைப் பார்த்து அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது, முடிந்தது. அம்மாவின் மூச்சு சைக்கலின் தலைத்துணி மேல் பட்டது.

"இதையா அனுப்பப் போற?"

"அவர் சேத்துடச் சொன்னாரும்மா."

சைக்கல் சரியாக நடுவில் வெட்டினாள். நான்காவது டிஸ்க்கைப் போட்டு எழுத விட்டாள். நீலப் பட்டை நகர்ந்தது. பத்து, இருபது, முப்பத்தைந்து. பல்பு நிலையாக எரிந்தது. முதல் மூன்றும் போய்ச் சேராத தூரத்தை அது தாண்டியது. அறுபது என்று காட்டியபோது அம்மா திரும்பி நடந்தாள்.

சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

"அடுப்பப் போடுங்க. ரெண்டு சட்டியும் வைங்க."

"அண்ணி, அந்தப் பொண்ணு அரை மணி நேரம் கேட்டாளே..."

"என் புருஷனுக்கு மணம் போகணும். சமோவாரையும் போடு."

பல்பு சிவந்தது. ஸ்டெபிலைசர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. நீலப் பட்டை எழுபத்தொன்றில் நின்றது. சைக்கல் மேஜைமேல் கைகளை வைத்துக்கொண்டு, பிழை என்று திரையில் வருகிற வரை காத்திருந்தாள். பிறகு அந்த டிஸ்க்கை மற்ற மூன்றின் மேல் அடுக்கினாள்.

அதற்குள் வெளியே அசைவு தொடங்கிவிட்டது. கம்பளியில் சுற்றி அப்பாவைக் கூடாரத்திலிருந்து எடுத்து வந்தார்கள். பெண்கள் முற்றத்தோடு நின்றுவிடவேண்டும்; சைக்கலும் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். தாலாய் பனியில் வழுக்கிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தான். அழுதழுது குரல் போயிருந்தது.

"டிஸ்க்கு?"

"ஆகலப்பா," என்றாள் அம்மா. "கரண்டு சரியில்ல."

"ஐயோ சித்தி, அது இல்லாம போனா அவன் என்னை ரயில்லயே திருப்பி ஏத்தி விட்டுருவான்." தாலாய் சைக்கலைப் பார்த்தான். அவள் பனியைப் பார்த்தாள். "சரி. மண்ணு போட்டுட்டு வந்து வாங்கிக்கறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

தொழுகை முடிந்ததும் அதை நடத்திய மோல்தோ கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

"நல்ல மனுஷர்!" என்றார்கள் எல்லோரும். ஒருவர் விடாமல். ஆறு வருடமாக அப்பாவோடு தண்ணீர்த் தகராறில் பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரர்தான் எல்லாரையும் விட உரக்கச் சொன்னார்.

வண்டிகள் போன பிறகு தெரு அமைதியாயிற்று. பெண்கள் கூடாரத்தில் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டர் மேஜை ஓரத்தில் நின்றாள். நான்கு டிஸ்க்குகளையும் விரலால் சீராக அடுக்கினாள்.

"போன வருஷம் தமிரா பொண்ணு கல்யாணத்துல அவர் வாழ்த்துச் சொன்னத நீதான எடுத்த?"

"ஆமா."

"அதுல இருக்குல்ல. மனக்குறை இல்லன்னு. சம்பந்திகளப் பார்த்துச் சொன்னாரே." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கல்யாண வீடியோவுல எதை எதையோ வெட்டி ஒட்டற. அதை எடுத்து இதுல ஒட்டிடு."

சைக்கல் அதை முன்பே யோசித்திருந்தாள். நான்காவது டிஸ்க் நகர்ந்துகொண்டிருந்தபோதே. கல்யாண வீடியோவில் அந்தக் குரல் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

"வாய் அசையாதும்மா," என்றாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாவின் கட்டில். படுக்கையைச் சுருட்டி எடுத்துவிட்டதால் வெறும் பலகை. "அப்ப கெட்டுப் போச்சுன்னு சொல்லு. கம்ப்யூட்டரே கெட்டுப் போச்சுன்னு சொல்லு. யாரு வந்து பார்க்கப் போறா?"

போன் அடித்தது. அம்மா தலையை அசைத்தாள், எடுக்காதே என்று. சைக்கல் எடுத்தாள்.

"எடுத்துட்டாங்களா?" குபாத்தின் குரலுக்குப் பின்னால் காற்று.

"எடுத்துட்டாங்க."

"நிறைய பேரா?"

"தெரு முழுக்க. வண்டி நிறுத்த இடமில்ல."

"என் இடத்துல யாரு நின்னா?"

"தாலாய்."

"அந்தக் கழுதைக்கு அழத் தெரியுமா?" என்றான். "டிஸ்க்கு குடுத்துட்டியா?"

"நாலு பாழாயிடுச்சு, அண்ணா."

"பரவால்ல. அஞ்சாவது போடு. அவன் அடுத்த ரயில்ல வரட்டும், டிக்கெட்டு நான் பார்த்துக்கறேன். இல்லன்னா வசந்தத்துல நானே வரேன். இவ்வளவு நாள் காத்திருந்தேன், இன்னும் நாலு மாசம் எனக்குப் பெருசில்ல." மூக்கை உறிஞ்சினான். "இங்க பசங்க கேலி பண்றாங்க, தினமும் போன்ல எழுபது நிமிஷம் எழுபது நிமிஷம்னு பேசறானேன்னு. தூக்கமே வரல, சைக்கல். படுத்துக்கிட்டு, முதல்ல என்ன சொல்லியிருப்பாரு, அப்புறம் என்ன சொல்லியிருப்பாருன்னு நானே அவர் குரல்ல பேசிப் பார்க்கறேன். வேலைக்குச் சாரத்துல ஏறும்போதும் அதேதான். எமிலப் பத்தி முதல்ல திட்டுவாரு. திட்டட்டும். அதுக்கப்புறம்தான் சொல்லியிருப்பாரு. இல்ல?"

அம்மா கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் எண்ணெய் இன்னும் சீறியது.

"சைக்கல்? கேக்குதா?"

"கேக்குது."

"நீ பார்த்தியா அத?"

"பார்த்தேன்."

"சொன்னாரா?"

"உன் பேரைச் சொன்னாரு, அண்ணா. குபாத்துன்னு."

அம்மா தலைத்துணியின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் பேசல. கேமராவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எழுபது நிமிஷமும். நடுவுல ஒரு தடவ தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. மறுபடி போட்டுக்கவே இல்ல." அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "மனக்குறை இல்லன்னு சொல்லல, அண்ணா. இருக்குன்னும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல."