அறுபத்துநான்கு மாதத்துக்கு மட்டும்

என் கணவர் எந்த மாதம் சாகப்போகிறார் என்பதை, யாழ்ப்பாணத்தில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் சொல்லாததை, பத்து நிமிடத்துக்கு முன் அறிமுகமான பெண்ணிடம் சொல்கிறார் இந்த மனிதர்!

முதலிலிருந்து சொல்கிறேன். இவர், அருளம்பலம், தண்ணீர்ப் பம்பு விற்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் பார்த்தவர். அரசாங்க உத்தியோகம் இல்லை, ஆகவே பென்ஷனும் இல்லை. அறுபத்தேழு வயது நெருங்கும்போது போதும் என்று வீட்டுக்கு வந்தபோது கையில் கிடைத்தது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதிக் காசு அறுபது லட்சம். நான் சுன்னாகத்தில் முன்பள்ளி நடத்தியவள், எனக்கு அதுகூட இல்லை. இனி எங்கள் இரண்டு பேருக்கும் சோறு, மருந்து, கரண்ட் பில் எல்லாமே அந்த அறுபது லட்சம்தான்.

மூன்று மாதம் அந்தக் காசு சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். ஒரு நாள் நிலையான வைப்பு என்பார், மறுநாள் அரசாங்கக் கடன் பத்திரமான திறைசேரி முறி என்பார், அதற்கடுத்த நாள் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு நித்திரை கொள்வார். முதலீட்டு நிறுவனத்திலிருந்து விளக்கப் புத்தகம் வாங்கி வந்தேன். நான் அதை இரண்டு தரம் படித்தேன். இவர் அதைச் சுருட்டி நுளம்பு அடித்தார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இழுக்காத குறையாக பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் லவீனா என்று ஒரு பெண். கெட்டிக்காரி, ஒரு தரம் சொன்னால் விளங்கும்படி சொன்னாள்.

"மூண்டு விதம் இருக்கு அங்கிள். ஒண்டு, திறைசேரி உண்டியல் எண்டு அரசாங்கத்தின்ரை குறுங்காலக் கடன் பத்திரத்திலை போடுற நிதியம். நினைச்ச நேரம் காசை எடுக்கலாம், வருமானம் கொஞ்சம் குறைவு. மற்றது, கொம்பனியளுக்குக் கடன் குடுக்கிற நிதியம். வருமானம் கூட, ஆனால் கொம்பனி படுத்தால் எங்கடை காசும் படுக்கும். மூண்டாவது, அரசாங்கத்தின்ரை நீண்டகால முறி வாங்கிற நிதியம். நாட்டிலை வட்டி ஏறினால் இதின்ரை விலை இறங்கும், பொறுத்திருக்கிற ஆக்களுக்குத்தான் சரிவரும். உங்களுக்கு எவ்வளவு காலத்துக்கு வருமானம் வேணும்?"

நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஐஞ்சு வருசமும் நாலு மாசமும்."

லவீனா எழுதாமல் நிமிர்ந்தாள். "அதென்ன அங்கிள் அப்பிடி?"

"அறுவத்திநாலு மாசம். முதலையும் சேர்த்து மாசாமாசம் எடுக்கவேணும். கடைசி மாசத்தோடை எல்லாம் முடியவேணும், ஒரு சதமும் மிஞ்சத் தேவையில்லை. உந்த மூண்டிலை அதுக்கு எது திறம்?"

"அதுக்குப் பிறகு அங்கிள்?"

"அதுக்குப் பிறகு நான் இல்லைத்தானே."

கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய சாதகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "சாத்திரியார் எழுதிவைச்சது. எழுவத்திரண்டு வயசும் நாலு மாசமும். என்ரை தம்பிக்கும் அவர்தான் சொன்னவர், ஒரு கிழமை பிசகேல்லை."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. இவர் செத்துவிடுவாரே என்று இல்லை. சாத்திரியார் சொன்ன நேரத்துக்கு இவர் எதையும் செய்ததில்லை, தாலி கட்டவே அரை மணித்தியாலம் பிந்தி வந்தவர். எரிந்தது எதனால் என்றால், அந்த அறுபத்துநான்கு மாதக் கணக்கில் நான் ஒரு மூலையில்கூட இல்லை.

"இஞ்சருங்கோ, அப்ப நான்?" என்று கேட்டேன்.

"உம்மடை சாதகம் இல்லையே. என்னெண்டு கணக்குப் பாக்கிறது?"

கேட்டீர்களா? தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு ஓடியபோது இரண்டு சாதகமும் ஒரே மேசை லாச்சிக்குள்தான் இருந்தன. தன்னுடையதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என்னுடையதை விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, லாச்சியை எங்கே தேடுவது? முப்பது வருடமாக இதைச் சொல்லிக்காட்டாமல் அடக்கி வைத்திருந்தேன். அன்று அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன்.

"நிருஷன் இருக்கிறான்தானே, அவன் பாப்பான்," என்றார் இவர், மெல்ல.

நிருஷன் எங்கள் மகன். கனடாவில் வீட்டுக் கடன், கார்க் கடன், இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் என் சீவியத்தை அவன் தலையில் கட்டி வைக்க நான் தயாரில்லை.

"நீங்கள் போனாப் பிறகும் நான் சாப்பிடுவன்," என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "மூண்டு நேரமும் சாப்பிடுவன். தேத்தண்ணி குடிப்பன். பிரஷர்க் குளிசை போடுவன். கரண்ட் பில் கட்டுவன்."

"கொஞ்சம் மெல்லக் கதையும்."

"ஏலாது!"

லவீனா பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கால்குலேட்டரைப் பார்த்தாள். "அன்ரிக்கு எத்தனை வயசு மட்டும் எண்டு போடட்டும்?"

"தொண்ணூறு," என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். "இப்ப அறுவத்தொண்டு."

அவள் கணக்குப் போட்டுத் திருப்பிக் காட்டினாள். இவருடைய கணக்கில் மாதம் ஒரு லட்சத்துப் பதினையாயிரம். என் கணக்கில் நாற்பத்துநாலாயிரம். "இதுவும் வட்டி இப்பிடியே இருந்தால்தான் அன்ரி. ரெண்டு வருசச் செலவைக் குறுங்கால நிதியத்திலை வைப்பம். மிச்சத்தை நீண்டகால முறி நிதியத்திலை ரெண்டு பேரின்ரை பேரிலையும் போடுவம். கொம்பனிக் கடன் உங்களுக்கு வேண்டாம்." நான் புத்தகம் படித்து யோசித்து வைத்திருந்ததும் அதேதான்.

இவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நாற்பத்துநாலாயிரம் காணாது என்று சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். விளக்கப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எதையோ கூட்டினார், கழித்தார். ஸ்டோர்க்காரர், ஒரு தரம் போட்ட கணக்கை மறுதரமும் போட்டுச் சரிபார்த்தார்.

"இருவத்திமூண்டு வருசமும் எட்டு மாசமும்," என்றார்.

"என்ன அது?"

"நான் போனாப் பிறகு நீர் இருக்கிற காலம்." பென்சிலைக் கீழே வைத்தார். "அவ்வளவு காலமும் ஆரோடை சண்டை பிடிப்பீர்?"

அவருடைய கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாக நான் கத்தியதெல்லாம் ஏறாத மண்டையில் அது இப்போதுதான் ஏறியிருக்கிறது, அதுவும் ஊரார் பார்க்கிற இடத்தில்! எனக்கும் அழுகை வந்தது. அதனால் இன்னும் கூடக் கோபம் வந்தது. லவீனாவின் கையிலிருந்து படிவத்தை வாங்கி, காலம் என்ற கட்டத்தில் இருபத்தொன்பது வருடம் என்று என் கையாலேயே எழுதி இவர் பக்கம் தள்ளினேன்.

"கையெழுத்தை வையுங்கோ. உங்களுக்குத் தொண்ணூற்றாறு வரும். அந்த வயசு வரைக்கும் இருந்து என்னோடை பிடியுங்கோ சண்டையை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்து வைத்தார். முப்பத்தாறு வருடத்தில் நான் சொன்னதை இவர் ஒரே சொல்லில் கேட்டது அன்றைக்குத்தான்.