இரண்டு மணி அடித்தால் மூடுகிறோம் என்று அர்த்தம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. அதுவாகவே மாடியிலிருந்து இறங்கி வந்து என் டிக்கெட் மேசைக்கு முன்னால் நின்றது. இறங்கி வர வைத்தது நான்தான். எப்படி என்று இப்போதே சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும், அதனால் பிறகு.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

வாஷிங்டனில் அக்டோபர் மாதத்து இலைகள் சிவந்து

[வேண்டாம். இலை சிவக்காத அமெரிக்கக் கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா?]

பட்ஜெட் நிறைவேறாத காரணத்தால் மத்திய அரசு

[இது செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான். மேலே இருப்பவர்களுக்குள் பணச் சண்டை, அரசாங்கத்தில் பாதியை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அரசு அருங்காட்சியகத்து டைனோசரும் கிடையாது, அரசு மிருகக்காட்சிசாலைப் பாண்டாவும் கிடையாது. விடுமுறை போட்டு ஊர் பார்க்க வந்தவர்கள் பாவம், எங்கே போவார்கள்? தனியார் இடங்களுக்குத்தான். பெரிய இடங்களில் கூட்டம் தாங்காமல், கடைசியில் வேறு வழியில்லாமல் எங்களிடமும் வந்தார்கள்.]

எங்கள் இடம் ஹார்லன் பிக்ஸ்பி என்ற அழைப்புமணி வியாபாரி கட்டிய வீடு, இப்போது ஒரு சின்ன அருங்காட்சியகம். அறைக்கு அறை ஒரு பொத்தான். எதை அழுத்தினாலும் கீழே மணி அடித்து, என் மேசைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் அந்த அறையின் பெயர் விழும். அடித்தால் ஓடிப்போக இப்போது வேலைக்காரர்கள் இல்லை, அதனால் யாரும் போவதில்லை. மொத்தக் காட்சியே அவ்வளவுதான். சாதாரண நாட்களில் பார்க்க வருகிறவர்களைவிட வழி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அரசாங்கம் மூடியதும் வாசலில் வரிசை! ஊரில் பாதிப்பேர் சம்பளம் இல்லாமல் இருக்கும்போது இதற்குச் சந்தோஷப்படலாமா என்று உறுத்தியது. உறுத்திக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

2

இனி நாயகன். முதல் வரைவில் அவரை வெடிகுண்டு நிபுணராக்கியிருந்தேன். நாயகன் என்றால் ஒரு கெத்து வேண்டாமா? உண்மையில் டெஸ்மண்ட் விட்லோ ஓர் அரசு அலுவலகத்தில் முட்டை உற்பத்திக் கணக்கைத் தொகுப்பவர். [நிபுணரை அடித்துவிட்டு முட்டையை எழுதியபோது கதைக்கு உயிர் வந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.]

அரசு அடையாள அட்டையைக் காட்டினால் எங்களிடம் அனுமதி இலவசம். அவர் தினமும் காலையில் டை கட்டி, மதியச் சாப்பாட்டுப் பையோடு வருவார். நேராக மாடியில் இசையறைச் சோபாவுக்குப் போய்விடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அப்படி என்னதான் சார் இருக்கு இந்த வீட்ல?"

"ஒண்ணுமில்ல மிஸ் வசு. அதான் வர்றேன். தெரிஞ்சவங்க யாரும் வரமாட்டாங்க."

அம்மா சொந்த ஊரான ராக்கி மவுண்டிலிருந்து வந்திருக்கிறாராம். மகன் ஆபீஸுக்குப் போகிறான் என்று தினமும் சாண்ட்விச் கட்டித் தருகிறாராம்.

"வேலை நின்னுபோச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்பிடிச் சொல்றது? நீ அவசியமில்லாத ஆளு, வீட்டுக்குப் போன்னுட்டாங்க. எங்கம்மா சர்ச்சுல மைக்கப் புடிச்சு, எம்புள்ள இல்லாம கவர்மென்ட்டே ஓடாதுன்னு பேசியிருக்காங்க. அவங்க மொகம் வாடுறத என்னால பாக்க முடியாதுங்க."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது.

3

இனி நடப்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். "தற்செயல்! சோம்பேறி எழுத்தாளரின் தற்செயல்!" என்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். ஊரில் முக்கால்வாசி இடம் பூட்டிக் கிடக்கிறது. ஒளிந்துகொள்ள வந்தவருக்கும் ஊர் பார்க்க வந்தவருக்கும் மிச்சமிருப்பது அதே நாலைந்து கதவுகள்தான். இவ்வளவு நாள் அவர்கள் மோதிக்கொள்ளாததுதான் தற்செயல்.

ஊதாத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தார். [ஏர்லீன் விட்லோ வட கரோலைனாக்காரர். என் கதையில் அவர் தமிழ் பேசுகிறார், அதுவும் என்னைவிட நன்றாக.]

"அப்பாடா, நீங்களாச்சும் தொறந்து வெச்சிருக்கீங்களே, நல்லாருப்பீங்க! போற எடமெல்லாம் பூட்டு."

"தனியாவா வந்தீங்க மேடம்?"

"எம்மகனுக்கு ஏது கண்ணு நேரம்? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவன மட்டும் விடமாட்டேங்குறாங்க, சம்பளமும் இப்ப கெடையாதாம். அவ்ளோ முக்கியமான ஆளு. நான் வீட்ல கால நீட்டிப் படுத்திருக்கேன்னு நெனச்சிட்டிருக்கான். தனியா சுத்துறேன்னு தெரிஞ்சா, கூட வர முடியலயேன்னு வருத்தப்படுவான் பாரு, அதான் சொல்லல. இந்தா, இவன்தான்."

போனில் படம். அதே டை. அதே முட்டைக்கணக்கு முகம்.

4

இங்கேதான் நான் கதைக்குள் மூக்கை நுழைத்தேன்.

என் மேசைக்கு அடியில், மாடியில் மணி அடிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. தினமும் வரும் டெஸ்மண்டுக்கும் அதன் கணக்கு தெரியும். ஒரு முறை அழுத்தினால் மாடியில் இருப்பவர்களுக்கு "கூட்டம் வருகிறது" என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் "மூடுகிறோம்". ஒரு முறை அழுத்தினால் டெஸ்மண்ட் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கண்டு, பின்மாடிப்படி வழியாக நழுவிவிடுவார் என்பது என் திட்டம். ஆனால் பதற்றத்தில் இரண்டு முறை அழுத்திவிட்டேன்.*

* மூடுகிறோம் என்றால் முதல் ஆளாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் அரசு ஊழியர்தான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம். சாப்பாட்டுப் பையோடு அவர் இறங்கி வந்தார்.

5

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை:

ஏர்லீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில்

[கூடாது. அவர் நன்றாக இருக்கட்டும்.]

"அம்மா, நான் இங்கே அரசு சார்பில் மணிகளை ஆய்வு

[எனக்கு ரொம்பப் பிடித்த வரி. ஆனால் அவர் வாயில் அப்போது பொய் வரவில்லை.]

நடந்தது இதுதான்.

"டெஸ்மண்ட்?"

"அம்மா."

"ஆபீஸு?"

"இல்லம்மா. மூடுன அன்னிலேர்ந்தே இல்ல. நான்... அவசியமில்லாத ஆளாம்."

வரிசையில் நின்றவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். நான் மேசையடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். ஏர்லீன் தொப்பியைக் கழற்றினார். அவர் முகம் வாடப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"சம்பளமும் குடுக்காம எம்புள்ளய நாள் பூரா போட்டு வதைக்கிறாங்களேன்னு எனக்கு ஒறக்கமே இல்லடா," என்றார். "நீ இங்க வந்து சொகமா படுத்துக் கெடந்தியா?"

"உக்காந்துதாம்மா இருந்தேன்."

"சட்டையப் பாரு, கசங்கியிருக்கு. படுத்துதான் கெடந்திருக்க. தேவனுக்கு ஸ்தோத்திரம்!"

"அம்மா, ஆனா சர்ச்சுல நீங்க சொன்னது..."

"என்னடா தப்பாச் சொல்லிட்டேன்? எம்புள்ள இல்லாம கவர்மென்ட் ஓடாதுன்னேன். நீ வந்து இங்க படுத்துக்கிட்ட. அது ஓடுதா பாரு."

முதலில் சிரித்தது வரிசையில் யாரோ. அப்புறம் எல்லோரும். டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டார். எனக்கு அப்படியொரு நிம்மதி. அழைப்புமணி வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததற்கு முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.

6

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு பேரும் மேலே போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஏர்லீன் மைக்கைப் பிடித்து என்ன சொல்லப்போகிறார் என்று படியேறும்போதே சண்டை தொடங்கிவிட்டது. முட்டைக்கணக்கைச் சொல்லலாமா கூடாதா என்பதுதான் விஷயம். அரசாங்கம் எப்போது திறக்கும் என்று யாரும் பேசவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகையில் பெயர் விழுகிறது: இசையறை. மணி ஒரு முறை அடித்தது. மறுபடியும் அடிக்கிறது.

இந்த வீட்டில் மணி அடித்தால் யாரும் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா? இன்றைக்கு யாராவது போனால் நன்றாக இருக்கும். எனக்கு முன்னால் வரிசை நிற்கிறது, மேசையை விட்டு நகர முடியாது. நீங்கள் போங்கள். மாடிப்படி ஏறி இடது பக்கம், சோபா போட்ட அறை. ஆபீஸுக்கென்று கட்டிய சாண்ட்விச்சைப் பிரித்து வைத்திருப்பார்கள், உங்களையும் உட்காரச் சொல்வார்கள். உள்ளே சாப்பிடக் கூடாது என்று விதி இருக்கிறது. கேட்டால், மிஸ் வசு கீழே கதை எழுதிக்கொண்டிருக்கிறாள், பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.