அடுத்த வரி

ஆனந்தராஜ் ஓட்டும் மினிபஸ் பழைய சினிமாப் பாட்டு இல்லாமல் இலுப்பூரை விட்டு ஒருநாளும் கிளம்பியதில்லை. அவர் மகள் பிரகதியும் அதே பஸ்ஸில்தான் விராலிமலைக்குப் படிக்கப் போனாள்.

“ஒங்கப்பா புதுப்பாட்டே போட மாட்டாராடி? எங்க தாத்தாகூட இதைக் கேக்க மாட்டாரு” என்று தோழி மோனிஷா தினமும் கேலி செய்தாள். அவமானம் தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரகதி பென்டிரைவை எடுத்து எல்லாப் பாட்டையும் அழித்துவிட்டாள். தேய்ந்துபோன கேசட்டுகளிலிருந்து அவர் ஒவ்வொன்றாக மாற்றி வைத்த பாட்டுகள் அவை.

திங்கட்கிழமை ஸ்பீக்கர் பாடவில்லை. அவர் பென்டிரைவைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் செருகிப் பார்த்தார்.

“இதுக்கும் வயசாயிருச்சு போல” என்று சிரித்தார் அவர்.

“அப்பாடா, இன்னைக்குக் காதுக்கு லீவு!” என்றாள் மோனிஷா.

பாட்டு இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை. கண்மாய்க்கரை தாண்டியதும் தானே மெல்லப் பாட ஆரம்பித்தார். பாதியில் வரி மறந்துபோய்க் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

“ஆத்தா பிரகதி, இதுக்கு அடுத்த வரி என்னத்தா?”

சின்னப் பிள்ளையில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அவள் பாடிய பாட்டு அது. வரி நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தெரியலப்பா.”

அவர் முதலிலிருந்து பாடி, அதே இடத்தில் மறுபடியும் நின்றுபோனார். விராலிமலை வரும்வரை பிரகதி கண்ணாடிப் பக்கம் நிமிரவே இல்லை.