கிடைத்த பிறகும் காணாமல் போன அஹ்ஸன்

அஹ்ஸன் காணாமல் போனது மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு; கிடைத்தது பின்னேரம் அஸருக்கு முன்பு. இடையில் நடந்தது இவ்வளவுதான். குர்ஆன் மத்ரஸா விட்டதும் பையன் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஒழுங்கையிலுள்ள சாச்சி நஸ்லியாவின் வீட்டுக்குப் போய், வட்டிலப்பம் தின்றுவிட்டு, அங்கேயே தூங்கிப்போனான். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான் என்று நஸ்லியா நினைத்தாள். அக்கா றஸ்னாவோ மகனின் படத்தைப் பள்ளிவாசல் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தாள்.

பையன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பது அவனுடைய வாப்பா அஸ்பாக்குக்கு விளங்கியது. பிள்ளைக்கு முடி களையும் முன்பே கட்டாருக்குப் போனவர், ஆறு வருடம் கழித்துப் போன கிழமைதான் வந்திறங்கினார். போனில் வாய்க்கு வாய் "வாப்பா" என்று உயிரை விட்ட பையன், ஆள் நேரில் வந்து நின்றதும் அந்தச் சொல்லையே விட்டுவிட்டான். "உம்மா, அவருக்கும் சோறு போடுங்க" என்பதோடு சரி. அந்த ஒரு சொல்லை நேருக்கு நேர் கேட்கத்தான் அஸ்பாக் அத்தனை வெயிலையும் தின்றார். அது கிடைக்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளை கிடைத்ததைப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் மிஞ்சிப்போனால் கடற்கரை வரை கேட்கும். படமோ அதற்குள் பேஸ்புக்கில் ஏறி உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. 'கல்முனை மின்னல்' என்ற பக்கத்தை நடத்தும் முபீன் அதற்கு ஒரு கடத்தல் வேனையும் சேர்த்துவிட்டான். கருத்துச் சொன்னவர்கள் வேனுக்கு நிறம் கொடுத்தார்கள். ஒலுவில் துறைமுகத்தில் பிள்ளையைப் படகில் ஏற்றியதைத் தன் கண்ணால் கண்டதாக லண்டனில் இருந்து ஒருவர் எழுதினார்.

அஸ்பாக் முபீனுக்குப் போன் எடுத்தார். பிள்ளை வீட்டில் இருக்கிறான், தயவுசெய்து படத்தை எடுத்துவிடுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டார்.

"காக்கா, சனம் துஆ கேட்டு அழுதிட்டிருக்கு. இப்ப அழிச்சா என்னயப் பொய்யன் எண்டெல்லவா சொல்லும்" என்றான் முபீன்.

அழிக்கவில்லை, புதுச் செய்தி போட்டான். 'சிறுவன் விவகாரத்தில் புதிய திருப்பம். தந்தை எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் மர்ம நபர் தொலைபேசியில் மிரட்டல்.'

மறுநாள் அஸ்பாக் மகனைக் கூட்டிக்கொண்டு சப்பாத்து வாங்கக் கல்முனைச் சந்தைக்குப் போனார். சப்பாத்துக்காவது பையன் மசிவான் என்று ஒரு நப்பாசை. சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு அவன் கடையை விட்டு இறங்கியதுதான் தாமதம், பாண்டிருப்பிலிருந்து மரக்கறி வாங்க வந்த தங்கேஸ்வரி கூடையைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள். நேற்றிரவு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவள். பிடித்த பிடியை விடுவாளா?

கூட்டம் சேர்ந்தது. அஸ்பாக் அடையாள அட்டையை நீட்டினார். அதில் இருந்தது அக்கரைப்பற்று விலாசம், அவருடைய உம்மாவின் வீடு. கலியாணம் முடித்தால் ஆம்பிளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவதுதான் இந்தக் கரை முழுக்க வழக்கம். அஸ்பாக் குடிவந்த வருடமே விமானம் ஏறியவர். விலாசம் மாற்ற நேரமில்லை, ஊரில் முகம் பழகவும் நேரமில்லை. கூட்டத்தில் நின்ற ஆண்களில் பாதிப் பேர் மாமியார் வீட்டில் இருப்பவர்கள்தான். ஆனாலும் அட்டையைக் கையில் வாங்கியதும் எல்லோருமே பிறந்ததிலிருந்து கல்முனைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

றஸ்னாவுக்குப் போன் எடுத்தால் லைன் பிஸி. மகன் காணாமல் போனதை விசாரிக்கச் சவூதியிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் அஸ்பாக் தன் போனிலிருந்த படங்களைக் காட்டினார். அத்தனையும் வீடியோ அழைப்பில் பிடித்து வைத்தவை. பல்லில்லாத அஹ்ஸன், பல் முளைத்த அஹ்ஸன், பள்ளிச் சீருடையில் அஹ்ஸன். ஒவ்வொன்றின் மூலையிலும் கண் கலங்கிய அஸ்பாக்கின் சின்ன முகம்.

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த ஒருவர் பெருமூச்சு விட்டார். "புள்ள பொறந்த நாளையில இருந்தே பின்னால திரிஞ்சிரிக்கான்."

அந்த நேரம் பார்த்து முபீன் லைவ் போட்டபடி வந்து சேர்ந்தான். போனைப் பையனின் முகத்துக்கு நேரே பிடித்து, இவர் ஆர் என்று கேட்டான். அஹ்ஸன் சப்பாத்தைப் பார்த்தான், அஸ்பாக்கைப் பார்த்தான், மறுபடியும் சப்பாத்தைப் பார்த்தான். அஸ்பாக்குக்குப் பொலிஸ் பயம்கூட மறந்துபோயிற்று. பையன் வாப்பா இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் மட்டும்தான் மிஞ்சியது.

பெருமூச்சு விட்டவர் அஸ்பாக்கின் சேட்டுக் கொலரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பொத்தான் தெறித்தது. அஹ்ஸன் தங்கேஸ்வரியின் கையை உதறிக்கொண்டு பாய்ந்து, புதுச் சப்பாத்தோடு அந்த மனிதரின் முழங்காலில் ஒரு உதை விட்டான்.

"எங்கட வாப்பாவ விடுங்க!"

கொலர் விடுபட்டது. "நெட் கட்டாயிட்டு. இன்னொருக்காச் சொல்லு மனே" என்று முபீன் கெஞ்சினான். பையன் அஸ்பாக்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டான். அஸ்பாக் குனிந்தார்.

"அந்தத் தம்பி கேக்கார் மனே, ஒருக்காச் சொல்லன்."

உண்மையில் கேட்க ஆசைப்படுவது எந்தத் தம்பி என்று தங்கேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஊட்டுக்குப் போவம் வாப்பா" என்றான் அஹ்ஸன்.

அன்று பின்னேரம் 'கல்முனை மின்னல்' தன் கடைசித் திருப்பத்தை வெளியிட்டது: 'எமது பக்கத்தின் அயராத முயற்சியால் சிறுவனின் தந்தை கண்டுபிடிப்பு!' அஸ்பாக் அதை இரண்டு தரம் வாசித்தார். இந்தத் தடவை முபீன் பொய் எழுதியதாக அவருக்குத் தோன்றவில்லை. கட்டாரில் இருந்த கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் ஷேர் பண்ணினார்.