உரிந்துபோன கறுப்புப் பெயின்ட்

ஓடுபாதையின் தெற்கு முனையில் பழைய தாரைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த நீளத்தில் விமானங்களை இறக்கினார்கள். அடைத்த இடத்திலிருந்த பழைய வெள்ளைக் கோடுகள் விமானியைக் குழப்பிவிடக் கூடாது என்று கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அது சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேற்பார்வையாளர். அன்று மழை. அவர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே போட்டுவிட்டார்.

ரோலர் ஓட்டியவர் அவருடைய தங்கை புருஷன். பன்னிரண்டு வருஷமாக ரோலரே ஓட்டியதால் எல்லோருக்கும் அவர் 'ஆமை'தான்.

மூன்று மணி இருக்கும். மேற்பார்வையாளரின் வாக்கி-டாக்கியில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த அதிகாரியம்மாவின் குரல் அலறியது.

"தெற்குப் பக்கம் எல்லாரும் ஓடுங்க! பிளேன் உங்க மேல வருது!"

எல்லோரும் புல்வெளிக்குச் சிதறி ஓடினார்கள். ரோலரின் இரைச்சலில் ஆமைக்கு எதுவும் கேட்கவில்லை. "மாப்ளே! மாப்ளே!" என்று மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்தினார். சக்கரங்களை நீட்டிக்கொண்டு விமானம் நேராக ரோலரை நோக்கி இறங்கியது. கடைசி நொடியில் இன்ஜின் உறுமியது, மூக்கு நிமிர்ந்தது. சூடான காற்று அறைந்ததில் மேற்பார்வையாளர் மல்லாந்து விழுந்தார்.

எழுந்து பார்த்தபோது விமானம் வானத்தில் இருந்தது. ரோலரும் இருந்தது. ஆமை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"டயர்ல ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிஞ்சுது மச்சான்."

மேற்பார்வையாளரின் கண் தரையில் நின்றது. மழையில் கறுப்புப் பெயின்ட் தோல் தோலாக உரிந்து, பழைய கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

கால் மணி நேரத்தில் நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினார்.

"பைலட் பழைய கோட்டைப் பாத்துதான் வந்திருக்காரு. உள்ள நூத்தி அறுபது பேரு. கோடு மறைஞ்சிருக்குன்னு காலையில கையெழுத்து இருக்கே, யாரு போட்டது?"

"மழை மேல பழியப் போட்ருங்க மச்சான்," என்று ஆமை காதோரம் சொன்னார்.

"நான்தான் சார்," என்றார் மேற்பார்வையாளர். "ஜீப்ப விட்டு எறங்கவே இல்ல."

ஓடுபாதையை உடனே மூடினார்கள். கோடுகளை இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் மறுபடி திறந்தார்கள். அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளையை அவரே வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசலில் நின்றபடியே தங்கையிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"நீ இப்பப் போ அண்ணே," என்றாள். "நாளைக்கு வா. இன்னிக்கு என்னால உன் முகத்தப் பாக்க முடியல."