வாபிட்டிக்கு ஒரு பொட்டுச் சந்தனம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையே அல்ல. நம் விமானப்படையின் வரலாறும் தளவாடங்களும் என்று ஒரு மலருக்கு நான்கு பக்கக் கட்டுரை கேட்டார்கள். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்:

'1932 அக்டோபரில் சட்டப்படி பிறந்த இந்திய விமானப்படை, அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களுடன்—'

ஏப்ரல் முதல் தேதி! ஒரு படையைத் தொடங்க வேறு நாளா கிடைக்கவில்லை? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, தரையில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஹவாய் சிப்பாய்', அதாவது காற்றுச் சிப்பாய், என்று பெயர். வாபிட்டியையோ, முந்தைய யுத்தத்து விமானம் ஒன்றின் மிச்சச் சாமான்கள் வீணாகாதபடி வடிவமைத்திருந்தார்கள். அக்காள் சேலையைத் தங்கைக்குச் சுற்றிவிட்ட மாதிரி. இரண்டடுக்கு இறக்கை, கூரையில்லாத இருக்கை, மழை பெய்தால் விமானி நனைய வேண்டியதுதான்.

(கட்டுரை செத்த இடம் இதுவே.)

2

முதல் ஆரம்பம்: 'சங்குமுகம் கடற்கரையில் சூரியன் மெல்ல—' வேண்டாம். சூரியன் மெல்ல எதையாவது செய்யும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: 'விமானி சாம்பசிவன் வீரமே உருவானவர்.' இந்த ஆளை நான் நம்பவில்லை. மீசையைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: 'வடிவாம்பாள் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள்.'

அடடா! இவள்தான்.

3

வடிவாம்பாள் நாஞ்சில்நாட்டுப் பெண். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தாள். அவள் புருஷன் அழகியநம்பி, அத்தை மகன்தான், கொச்சியில் விமானப்படை மெக்கானிக். 1942 நவராத்திரியில், சரஸ்வதி பூஜை தினத்தன்று, அவனே ஒரு வாபிட்டியோடு சங்குமுகம் விமானத் திடலில் வந்து இறங்கினான்.* மறுநாள் காலை அது கடலுக்கு மேலே பறந்து எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வேண்டும்.

"ஏட்டி வடிவு, அரிவாமணைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு வைக்கியே, நம்ம வண்டிக்கு வேண்டாமா?"

"வண்டின்னு சொல்லுகிய. அதுக்கு ரெக்கை இருக்கே அத்தான்!"

சாயங்காலமே சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டுவிட்டாள்.

(யுத்த காலத்தில் ராணுவ விமானத்தின் அருகே ஒரு பெண்ணை யார் விட்டார்கள் என்று கேட்பீர்கள். காவலுக்கு நின்ற கோலப்பன் அவளுக்குத் தாய்மாமன். அவரை அங்கே நிறுத்தியவன் நான். கதை எழுதுகிறவனுக்கு இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.)

மூக்கு விசிறிக்கு விபூதிப் பட்டை. இயந்திரத் துப்பாக்கிக்குக் குங்குமம். குண்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பிச்சிப்பூ. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பெட்ரோல் வண்டி பக்கத்தில் சூடம் கூடாது என்று அழகியநம்பி வேலியோரம் போய்ச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வடிவு அதைக் கண்டாள். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவிலிருந்த கட்டையில், கித்தான் உறை போட்டு என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலி டின்னைப் போட்டு ஏறி உறையைக் கழற்றினாள். இரண்டு சின்னக் குழல்கள், பிஞ்சு விரல் மாதிரி.

"எல்லாருக்கும் வச்சாச்சு. நீ மட்டும் என்ன பாவம் செஞ்சே?"

இரண்டு குழலின் நுனியிலும் நன்றாகக் குழைத்து அப்பினாள். உறையை இருந்தபடியே திரும்ப மாட்டினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

* வடக்கே நம் படை ஹரிக்கேன் என்ற புதுப் போர்விமானத்துக்கு மாறத் தொடங்கிய வருஷம் அது. நம் கரையோரத்துக்கு இந்தக் கிழவிதான் வாய்த்தது. (கட்டுரையில் எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை.)

4

விஜயதசமி காலை. வடிவு பூஜைச் சுண்டலோடு வந்திருந்தாள். விமானி சாம்பசிவன் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர்.

"நன்னா இருக்கும்மா. தேங்கா இன்னும் ரெண்டு சில்லு போட்டிருக்கலாம். மிச்சத்தை எடுத்து வையுங்கோ, வந்து சாப்பிடறேன்."

இரண்டு சில்லுத் தேங்காயில் இந்த ஆள் எனக்கு உயிரோடு எழுந்துவிட்டார். இனி இவரைச் சாகவிட என்னால் ஆகாது.

அழகியநம்பி கித்தான் உறைகளை மளமளவென்று உருவிப் போட்டான். நேற்று மாட்டியவன் அவனே, அதனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாம் சோதித்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டுவிட்டான். எஞ்சின் உறுமியது. சக்கரங்களுக்கு முன்னால் அடைத்த மரக்கட்டைகளின் கயிறு அவன் கையில். விமானி கையைத் தூக்கி அசைத்தால் அவன் கயிற்றை இழுப்பான், கட்டைகள் விலகும், விமானம் ஓடும்.

வேலியோரம் கோலப்பன் மருமகளிடம் பெருமை பேசினார்:

"மக்கா, அங்க நீட்டிக்கிட்டு இருக்குல்லா குழலு, அதுக்குள்ள காத்து கேறினாத்தான் சாருக்கு வேகம் தெரியும். கேறல்லேன்னா, எறங்கும்போ வேகம் கொறஞ்சாலும் தெரியாது. பின்ன, கல்லு போல விழவேண்டியதுதான்."

வடிவு சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா... சந்தனம் காஞ்சா கட்டியாயிருமோ?"

"சந்தனமா? எந்தச் சந்தனம்?"

5

முடிவு அ: அவள் வாயைத் திறக்கவில்லை. சாம்பசிவன் எஞ்சின் இரைச்சலையும் இறக்கைக் கம்பிகளின் ஊளையையும் கேட்டே வேகத்தைக் கணித்துப் பத்திரமாக இறங்குகிறார், சுண்டலை முடிக்கிறார். நடக்காது என்று சொல்ல முடியாது.

முடிவு ஆ: இறங்கும்போது, கடற்கரைக்குச் சற்று முன்னால்—

எழுத மாட்டேன்.

முடிவு இ: அவள் கத்திவிடுகிறாள், விமானம் நிற்கிறது. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு அழகியநம்பியின் வேலை போகிறது. யுத்த காலமாதலால் சிறையும் உண்டு. அதுவும் அவள் வைத்த பொட்டால்.

நான் பேனாவைக் கடித்துக்கொண்டு அ-வா இ-யா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வடிவாம்பாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவல் கொட்டகை விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வேலிக்குள் புகுந்துவிட்டாள்.

(அவள் ஓடுவாள் என்று நான் எங்கேயும் திட்டமிடவில்லை. இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.)

"அத்தான்! கட்டையை எடுக்காதீங்க! குழலை நான் அடைச்சுப் போட்டேன்!"

எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அழகியநம்பி பார்த்துவிட்டான். முந்தானை பறக்க ஓடிவரும் மனைவியை, அவள் கையிலிருந்த ஈர்க்குச்சியை, அது சுட்டும் இடத்தை. குழலின் நுனியில் மஞ்சளாய் ஏதோ காய்ந்திருந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இழுத்தால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. இழுக்காவிட்டால் எல்லாருக்கும் தெரியும்.

6

கயிற்றைக் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அது அழகியநம்பியின் கையிலிருந்து நழுவி, சங்குமுகத்து மணலில் புரண்டு, இந்தப் பக்கத்தின் ஓரம்வரை வந்து கிடக்கிறது. நுனி உங்கள் பெருவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது, பாருங்கள்.

சாம்பசிவன் கையைத் தூக்கி அசைத்துவிட்டார். சுண்டல் பாத்திரம் வேலியோரம் மூடி வைத்தபடி இருக்கிறது. வடிவு இன்னும் வந்து சேரவில்லை.

கயிற்றை இழுத்துவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் ஓடி வந்துகொண்டிருக்கிறாள்.