கீழ்த்தளத்து வீடு

கிளாட்சன் கடைசியாக வீட்டைவிட்டு வெளியே வந்து ஒரு மழைக்காலம் போய், அடுத்த வெயிலும் வந்துவிட்டது. படகிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கும்போது வழுக்கி, படகுத்துறைப் பாலத்துக் கல்லில் முதுகடிபட விழுந்தவன் அவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்கடுத்த வருஷம் கடல் வந்து கரையோரத்து வீடுகளைக் கொண்டுபோனது. அப்படி வீடிழந்த தீவுப் பக்கத்துக் குடும்பங்களையும், கண்மாய்ப் புறம்போக்கிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களையும் சேர்த்து, இராமநாதபுரத்துக்கு வெளியே கட்டிய அடுக்குமாடியில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். கிளாட்சனுக்கு விழுந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது. ஆனால் வந்த நாள் முதல் அது பூட்டித்தான் கிடந்தது.

அவன் மனைவி பிரெசில்லா காலையில் இறால் கம்பெனி வேனில் ஏறினால், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அவனுக்குத் துணை ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த பிளாக்கின் சுவர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. காற்றும் வராது, வெளிச்சமும் வராது.

ஒருநாள் காலை அவனைத் தூக்கி உட்காரவைக்கப் போனபோது அவன் அவள் கையை விலக்கினான்.

"இனிமே என்னய உக்கார வைக்காத பிரெசில்லா. உக்காந்து எதப் பாக்கப் போறேன்?"

அன்று அவள் வேனை விட்டுவிட்டாள். நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கி ஈஸ்வரியின் கதவைத் தட்டினாள். ஈஸ்வரி கைக்குழந்தைக்காரி.

"வீட்ட மாத்திக்கிருவமா ஈஸ்வரி? நீ மேல போ. நான் கீழ வாரேன்."

ஈஸ்வரி அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு கல். சுற்றிலும் கறுத்த தண்ணீர் கட்டி நின்றது. நாற்றம் கண்ணைக் கரித்தது.

"மேல யாராச்சும் குளிச்சா இங்கன பொங்கிருதுக்கா. பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. மாத்திக்கிறதுன்னா நான் இப்பவே ரெடி. ஆனா அண்ணன இதுக்குள்ளயா கொண்டாந்து வைக்கப் போறீங்க?"

சற்றுமுன் மேலே தலைக்கு ஊற்றிவிட்டு வந்த பிரெசில்லாவுக்கு முகம் சுண்டிப்போனது. இந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவள் தினமும் போய்வந்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

குடியிருப்பு அலுவலகத்தில் கேட்டாள். மேல்வீட்டுக்காரர்கள் துணியையும் குப்பையையும் போட்டு அடைத்துவிட்டார்கள், நீங்களே சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். மேல்வீட்டுக்காரர்களைக் கேட்டாள். அது கீழ்வீட்டுக்காரர்கள் பாடு என்றார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டியும் ஓர் ஆள்கூட அவளோடு இறங்கி வரவில்லை.

மோட்டார் அறைச் சாவி வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். அந்த வாரம் அது பிரெசில்லாவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், மேல்மாடிகளுக்குத் தண்ணீர் போகும் வால்வை அடைத்தாள். அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

குழாய் வறண்டதும் மாடி மாடியாகச் சத்தம் கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் நாலாவது மாடிப் பாண்டித்துரை. நாற்பது வருஷம் மம்பட்டி பிடித்து வயல் வேலை பார்த்த கை அவருடையது.

"ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா? சாவியக் குடு."

"தாரேண்ணே. இந்தா இடுப்புலதான் இருக்கு. முதல்ல இந்த வீட்டுக்குள்ள போயி, நூறு எண்ணுற வரைக்கும் நின்னுட்டு வாங்க."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"நீங்க குளிச்ச தண்ணிதாண்ணே உள்ள நிக்குது. நான் குளிச்சதும் நிக்குது."

கூட்டத்தில் சிலர் ஏசினார்கள். போலீஸைக் கூப்பிடுவோம் என்றார் ஒருவர். பிரெசில்லா வாசலைவிட்டு நகரவில்லை. பாண்டித்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நூறு எண்ணவில்லை. குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் ஈரம் கசிந்து வந்திருந்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"யாரு வீட்டுலயாச்சும் கம்பி கெடக்கா? மம்பட்டி என்கிட்ட இருக்கு."

பிரெசில்லா அப்போதே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தாள். எல்லாரும் குடம் ஒன்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் திரும்பி மேலே போனவர்கள் கொஞ்சம்தான்.

அடைப்பு எடுக்கத்தான் இறங்கினார்கள். கழிவுநீர்த் தொட்டி மூடியைத் திறந்து கம்பியை விட்டார்கள். துணி வந்தது, கந்தல் வந்தது. அப்புறமும் தண்ணீர் அசையவில்லை. குழாய் போன வழியே தோண்டிப் பார்ப்போம் என்றார் பாண்டித்துரை. ஆண்கள் மாறி மாறித் தோண்டினார்கள். பெண்கள் மண் அள்ளினார்கள். சுற்றுச்சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குழாய் முடிந்துவிட்டது. அதன் வாயில் மூடி போட்டு, கட்டினவர்கள் வெறும் மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். ரோட்டில் போகும் பெரிய குழாயோடு அதைச் சேர்க்கவே இல்லை.

மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பாண்டித்துரை நின்றுவிட்டார். ஈஸ்வரி குழிக்குள் எட்டிப் பார்த்து அழுதாள். இத்தனை நாளும் மேலே இருப்பவர்களைத்தான் அவள் ஏசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். மத்தியானத்துக்குள் இன்ஜினியர் வந்தார்.

"யாரக் கேட்டுத் தோண்டினீங்க?"

பிரெசில்லா எழுந்தாள். "தோண்டுனது தப்புன்னா கேஸ் போடுங்க சார். ஆனா இந்தப் பைப்பச் சேக்காம குழிய மூட விடமாட்டோம்."

அவர் குனிந்து குழியைப் பார்த்தார். பார்த்த பிறகு குரலை உயர்த்தவில்லை. குழாயைச் சேர்க்க மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அந்த மூன்று வாரமும் குழியருகே முறைபோட்டு ஆள் உட்கார்ந்திருந்தது. லிஃப்ட்டையும் அப்போதே கேட்டார்கள். பார்க்கிறோம் என்ற பதிலோடு அது நின்றது.

ஈஸ்வரி வீட்டுத் தரை காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார்கள். சொன்ன சொல் மாறாமல் ஈஸ்வரி மூன்றாவது மாடிக்குப் போகத் தயாரானாள். வீடு மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று அலுவலகத்தில் சொன்னபோது பிரெசில்லா சிரித்துவிட்டாள்.

"கணக்குல பேரு மாறுறப்ப மாறட்டும் சார். நாங்க நாளைக்கு மாறுறோம்."

மறுநாள் கிளாட்சனை நாற்காலியில் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். முன்கால் பக்கம் பாண்டித்துரை. படி திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. கிளாட்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "சாச்சுராதீகண்ணே, ஏற்கனவே ஒருக்கா விழுந்தவன்" என்றான். தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி இன்னும் ஆடியது.

கீழே வந்ததும் வீட்டுக்குள் திருப்பப் போனார்கள்.

"உள்ள வேணாம். செத்த நேரம் இங்கனயே இருக்கேன்."

வெட்டவெளியில் வேப்பமரத்துப் பக்கம் இறக்கி வைத்தார்கள். பிரெசில்லா சாமான் ஏற்றி இறக்கி, அடுப்பு மூட்டி, குழம்பும் வைத்துவிட்டாள். அவன் அசையவில்லை. வெயில் ஏறி முகம் சிவந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷம் எந்தத் துறையில் நண்டு படுகிறது என்று அவன் உரக்க வாதாடிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட வாறீகளா இல்லையா?" என்று அவள் கதவிலிருந்து கத்தினாள்.

"இந்தா வாரேன்" என்றான். வருகிற மாதிரி தெரியவில்லை. அவள் சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, வெளியே எடுத்துக்கொண்டு போனாள்.